ஸ்டம்ப் கிரைண்டர் வாங்குவதற்கு முன் ஆயிலை அளக்க வேண்டும்

வெட்டிய மரத்தின் தூரை அப்புறப்படுத்துவதற்குத் திருநெல்வேலிச் சீமையில் வழக்கமாக உள்ள வழி, ஜேசிபியை வரவழைத்துச் சுற்றிலும் தோண்டிப் பறித்து எடுப்பதுதான். தரிசு நிலத்திலும், இனிமேல் வீடு கட்டப்போகும் மனையிலும் அதைவிடச் சிக்கனமான வழி இன்றைக்கும் இல்லை என்பதே என் கருத்து. தூரைப் பறித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து பெயரும் இடங்களில்தான் சிக்கல் வருகிறது. கால்வாய்க் கரைமேல் நிற்கும் மருதமரத் தூர், காம்பவுண்ட் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் வேர் விட்டிருக்கும் வேம்பு, காய்த்துக்கொண்டிருக்கும் தென்னைகளுக்கு நடுவே பட்டுப்போன ஒற்றைத் தென்னை ஆகியவை அப்படிப்பட்டவை. முக்கூடல் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், "பறிக்கது பெரிய காரியமில்ல அண்ணாச்சி, பறிச்ச பெறவு அந்தக் குழிய யாரு மூடுதது, கரைய யாரு கெட்டுதது?" என்று கேட்டார். அவரைப் போலக் கேட்பவர்கள் பெருகியதால்தான், வாடகைக்கு விடும் என் ஸ்கிட் ஸ்டியர் லோடருக்கு, தூரைப் பறிக்காமல் பல் வைத்த சக்கரத்தால் நின்ற இடத்திலேயே அரைத்துத் தூளாக்கும் ஸ்டம்ப் கிரைண்டர் அட்டாச்மென்ட் ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

ஊரில் எல்லா நிறுவனத்தின் ஸ்கிட் ஸ்டியரையும் பாப்கேட் என்றே சொல்கிறார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கெல்லர் சகோதரர்கள் 1957ஆம் ஆண்டில் வான்கோழிப் பண்ணையைச் சுத்தம் செய்வதற்காக உருவாக்கிய சிறிய லோடரிலிருந்து வளர்ந்த இயந்திரம் இது. தூண்களுக்கு இடையே நுழைந்து நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னந்தோப்புக்குள் இந்த வண்டி தடையில்லாமல் போய்வருவதற்கும் அதுவே காரணம். ஆனால் நின்ற இடத்தில் திரும்பும்போது நான்கு டயர்களும் மண்ணைக் கிழித்துக்கொண்டுதான் திரும்புகின்றன. அட்டாச்மென்ட் தேர்வில் இது எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விற்பனைப் பட்டியல்கள் சக்கரத்தின் விட்டத்தையும் அரைக்கும் ஆழத்தையும்தான் முதலில் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதோ தம் வண்டியின் பின்பக்கம் உள்ள பம்பை. கிரைண்டரின் சக்கரத்தைச் சுழற்றுவது வண்டியின் இன்ஜின் நேரடியாக அன்று; பம்ப் தள்ளுகிற ஹைட்ராலிக் ஆயில், கிரைண்டரில் உள்ள மோட்டார் வழியாகச் சுழற்றுகிறது. சாதாரண ஃப்ளோ, அதாவது ஆயில் ஓட்டம், உள்ள பாப்கேட்டுகள் நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 90 லிட்டர் வரையும், ஹை ஃப்ளோ வசதி உள்ளவை 110 முதல் 150 லிட்டர் வரையும் அட்டாச்மென்ட்டுக்குத் தருகின்றன. நம் பக்கத்தில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை முதல் வகை. மண் அள்ளவும், செங்கல் கழிவை வாரவும், எரு ஏற்றவும் பக்கெட் மட்டுமே போதும் என்பதால் ஹை ஃப்ளோவுக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர்கள் மிகக் குறைவு.

கணக்கு எளியது. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற அளவை, பார் கணக்கிலான அழுத்தத்தால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி கிடைக்கும். 64 லிட்டர் ஆயில் 200 பார் அழுத்தத்தில் வந்தால் அது 21 கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 29 குதிரைத்திறன். ஹோஸிலும் மோட்டாரிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், பல்லின் முனைக்குப் போய்ச் சேர்வது 22 அல்லது 23 குதிரைத்திறன்தான். இன்ஜினின் மூடியில் 50 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பெரிய சக்கரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 120 லிட்டரும் 220 பாரும் தரும் ஹை ஃப்ளோ வண்டியில் இதே கணக்கு 44 கிலோவாட் காட்டும். இரண்டுக்கும் ஒரே அட்டாச்மென்ட் பொருந்தவே பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை மோட்டாரின் கன அளவை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு சுற்றுக்கு 50 சிசி ஆயில் குடிக்கும் மோட்டார், 64 லிட்டரில் நிமிடத்துக்கு 1280 சுற்று சுழலும். ஹை ஃப்ளோவுக்காக வடிவமைத்த 86 சிசி மோட்டார் 110 லிட்டரில் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும். ஆனால் அதை நம் 64 லிட்டர் வண்டியில் மாட்டினால் 744 சுற்றுக்கு மேல் எழும்பாது. சுற்று குறைந்தால் ஒவ்வொரு பல்லும் ஒரு தடவையில் கடிக்கும் மரத்தின் அளவு கூடுகிறது. வண்டி குதிக்கிறது, சக்கரம் தூருக்குள் சிக்கி நிற்கிறது, அழுத்தம் மீறும்போது ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் வெறுமனே சூடாகிறது. மாறாக, சிறிய மோட்டாரை ஹை ஃப்ளோ வண்டியில் பூட்டினால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கையும் சீலையும் தின்றுவிடும். ஆகவே, "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று விற்பனையாளர் சொல்லும்போது, மோட்டாரின் கன அளவு எத்தனை சிசி, எந்த ஃப்ளோவுக்கு எத்தனை சுற்று என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். பதில் உடனே வந்தால் அவருக்குப் பொருள் தெரியும் என்று கொள்ளலாம்.

வண்டியின் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் லிட்டர் புதிய பம்புக்கு உரியது. சில ஆயிரம் மணி நேரம் ஓடிய பம்ப், அழுத்தம் ஏற ஏற உள்ளுக்குள்ளேயே ஆயிலைக் கசியவிடும். எனவே பேட்டையில் உள்ள ஒரு ஹைட்ராலிக் பட்டறையில் ஃப்ளோ மீட்டர் வைத்து அளக்கச் சொன்னேன். அங்குள்ள மூத்த மெக்கானிக், "காலையில வந்து அளக்காதீய அண்ணாச்சி, மத்தியானம் வண்டி ஓடின சூட்டோட கொண்டாங்க" என்றார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது பழைய பம்புகூட நல்ல கணக்குக் காட்டும் என்பது அதற்குக் காரணம். இரண்டு ஹோஸ்களுக்கும் நடுவே மீட்டரைப் பூட்டி, இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, மீட்டரில் உள்ள வால்வை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். அழுத்த முள் 50இலிருந்து 100, 150 என்று ஏறும்போது லிட்டர் முள் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. 150ஐத் தாண்டியதும் இன்ஜினின் சத்தமே கனத்தது. வேலை அழுத்தத்தில் அந்த முள் எங்கே நிற்கிறதோ அந்த லிட்டருக்குத்தான் கிரைண்டர் வாங்க வேண்டும்.

சூட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கெட் வேலையில் பம்புக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. கிரைண்டரில் ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும்போது ஆயில் கூலருக்குள் போகும் காற்றே வெந்திருக்கும். ஆயில் 80 டிகிரியைக் கடந்து நெடுநேரம் நின்றால் சீல்கள் விறைக்கத் தொடங்கும். அதற்கு மேல், அரைத்த மரத்தூள் கூலரின் துளைகளில் படியும். ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் பக்கம் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்பது அங்கே காற்றாலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் தூள் வண்டியின் பின்பக்கத்துக்கே திரும்பி வரும் என்பதால், எந்தத் திசையில் வண்டியை நிறுத்துவது என்பதே ஆப்பரேட்டரின் முதல் முடிவாக இருக்க வேண்டும். கூலரை ஊதிச் சுத்தம் செய்யும் ஏர் பிளோயரும் கூடவே போக வேண்டும்.

பிஸ்டன் மோட்டார் உள்ள கிரைண்டர்களில் இரண்டு பெரிய ஹோஸ்களைத் தவிர மெல்லிய மூன்றாவது ஹோஸ் ஒன்றும் இருக்கும். அதற்குக் கேஸ் டிரெயின் என்று பெயர். மோட்டாரின் உடலுக்குள் கசியும் ஆயிலை அழுத்தமில்லாமல் டாங்குக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதை மாட்ட மறந்தாலோ, கப்ளர் சரியாக உட்காராமல் போனாலோ, கசிந்த ஆயில் போக இடமின்றித் தண்டின் சீலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மாட்டும்போது முதலில் கேஸ் டிரெயின், கழற்றும்போது கடைசியாகக் கேஸ் டிரெயின் என்பதை ஆப்பரேட்டருக்குப் பழக்கிவிட வேண்டும். பழைய பாப்கேட்டுகள் சிலவற்றில் இதற்கான இணைப்பே இருக்காது. தனியாக வைத்துக்கொள்ளும் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கியர் மோட்டார் உள்ள எளிய கிரைண்டர்கள் இந்தத் தொல்லை இல்லாதவை. திறன் சற்றுக் குறைவு, ஆனால் ஆயிலில் உள்ள அழுக்கைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

அமைப்பில் மூன்று வகைகளைப் பார்த்தேன். முதல் வகையில் சக்கரம் ஒரு கையில் பொருத்தப்பட்டு, சிலிண்டரால் இடமும் வலமும் வீசும். வண்டி அசையாமல் நிற்கும். இரண்டாவது வகையில் அந்தக் கை கிடையாது. சக்கரம் அட்டாச்மென்ட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால், வண்டியையே இப்படியும் அப்படியும் திருப்பித்தான் தூரை அரைக்க வேண்டும். விலை குறைவு என்பதால் பலர் இரண்டாவதைப் பரிந்துரைத்தார்கள். காலி மனைகளில் அது போதும். தோப்புக்குள் அது ஆகாது என்பதே என் முடிவு. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி தண்டிலிருந்து 2 மீட்டருக்குள், மேல்மண்ணை ஒட்டிய அடுக்குகளில்தான் ஓடுகிறது. ஒரு தூரை அரைக்க வண்டி நூறு முறை திரும்பினால் பக்கத்து மரத்தின் வேர்ப்பரப்பை டயரே உழுதுவிடும். பறிப்பதற்குப் பதில் அரைப்பதன் நோக்கமே அத்தோடு கெட்டுப்போகும்.

மூன்றாவது வகை, குழி தோண்டும் ஆகரில் திருகு போன்ற கூம்பு ஒன்றை மாட்டித் தூரைச் சீவி எடுப்பது. மெதுவாகச் சுழல்வதால் குறைந்த ஃப்ளோவிலும் வேலை செய்யும், சிலாம்புகளைத் தூரம் வீசாது, ஆகர் ஏற்கெனவே வைத்திருப்பவருக்குச் செலவும் குறைவு. ஒரு முழ அகலத்துக்கு உட்பட்ட வேம்பு, உடைமரம், பூவரசுத் தூர்களுக்கு இதையே வாங்கச் சொல்வேன். சாலையோரப் புளிக்கு இது காணாது. முற்றிய புளியின் வைரத்தில் பொழுது போய்விடும்.

பல் விஷயத்தில்தான் நம் மண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கிரைண்டர் பல்லின் முனையில் பற்றவைத்திருப்பது, போர்வெல் போடும் பிட்டில் பதித்திருக்கும் அதே டங்ஸ்டன் கார்பைடுதான். மரத்தில் அது நீண்ட நாள் உழைக்கும்; கல்லில் அடிபட்டால் ஒரு நொடியில் சிதறும். தாமிரபரணிக் கரையின் வண்டல் நிலத்தில் அரைப்பவர் பல்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் சரள் கலந்த செம்மண்ணில் வேர்கள் கற்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வளர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் சுத்தமான தூராகத் தெரிவது, உள்ளே நான்கைந்து கற்களை விழுங்கி வைத்திருக்கும். திசையன்விளைத் தேரி மணலில் கல் இல்லை, ஆனால் அந்த மணலே பல்லின் விளிம்பைத் தேய்த்துவிடும்.

இதனால் பல்லின் வடிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு வகைப் பல் சற்று வளைந்த எஃகுத் துண்டு, முனையில் ஓரிடத்தில் மட்டும் கார்பைடு. மழுங்கினால் கழற்றித் தீட்ட வேண்டும், உடைந்தால் எறிய வேண்டும். இன்னொரு வகையில் முனை ஒரு வட்டக் கிண்ணம் போலிருக்கிறது. விளிம்பு முழுவதும் கார்பைடு. ஒரு பக்கம் மழுங்கியதும் நட்டைத் தளர்த்தி மூன்றில் ஒரு பங்கு திருப்பி மீண்டும் இறுக்கினால் புதிய விளிம்பு முன்னே வந்துவிடுகிறது. வட்டப் பல்லின் விலை கூடுதல்தான். ஆனாலும் சரள் மண்ணில் தினமும் ஓடப்போகிற அட்டாச்மென்ட்டுக்கு அதையே தேர்ந்தெடுப்பேன். அந்தப் பல்லும், அதைப் பிடிக்கும் பாக்கெட்டும், போல்ட்டும் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கையிருப்பில் கிடைக்குமா என்பதை அட்டாச்மென்ட்டின் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டுக் கிரைண்டர்களில் சிலவற்றின் பல், வேறெந்தப் பல்லோடும் சேராத தனி அளவில் இருக்கிறது.

மரங்களில் தென்னை தனிக் குணம் கொண்டது. அதன் தூரில் கட்டை இல்லை, நாரும் ஈரமும்தான் இருக்கின்றன. பச்சைத் தூரை அரைத்தால் சிலாம்பாக உதிராமல் நாராகக் கிழிந்து, கயிறு திரித்தது போலச் சக்கரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ளும். அப்படியே விட்டால் நார் பேரிங் சீலுக்குள் புகும். எனவே தண்டின் இருபுறமும் நார் புகாதபடி தகடு இருக்கிறதா, மூடியைச் சிரமமின்றித் திறந்து நாரை அறுத்தெடுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பனை வேறு மாதிரி: வெளிச்சுற்று வைரம்பாய்ந்து இரும்பாக நிற்கும், உள்ளே மெத்தென்றிருக்கும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறார்கள் என்பதால், பனந்தூரை அரைக்கக் கூப்பிடுகிறவரிடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போவதே நல்லது.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு அரைத்தால் பணம் வீண். வேர்க்கழுத்திலிருந்து மீண்டும் தழைக்கும் மரம் அது. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு முழமாவது போகும் சக்கரம் இல்லையென்றால் ஜேசிபியைக் கூப்பிட்டுப் பறிப்பதே மேல். இன்னொரு விஷயமும் உண்டு. தஞ்சாவூர் வாடல் நோயால் செத்த தென்னையின் தூரை அரைக்கவே கூடாது. வேரிலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சாணத்தைச் சக்கரம் தோப்பெங்கும் இறைத்துவிடும். அந்த மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எரிப்பதுதான் முறை. நல்ல தூரை அரைத்த தூளையும் தோப்பிலேயே குவித்து மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அதனால் தூளை அள்ளிக் கொடுப்பதையும் சேர்த்தே வாடகை பேச எண்ணியிருக்கிறேன். கிரைண்டரைக் கழற்றிப் பக்கெட் மாட்ட ஐந்து நிமிடம் போதும்.

மாட்டும் தகட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம்; பெரும்பாலான பாப்கேட்டுகள் ஒரே பொது அளவைப் பின்பற்றுகின்றன. எடையை மட்டும் கவனிக்க வேண்டும். வண்டியின் தூக்கும் திறன் என்று போட்டிருப்பது, அது கவிழும் எடையில் பாதி. 700 கிலோ திறனுள்ள வண்டியில் 400 கிலோ கிரைண்டர் நிதானமாக நிற்கும். 900 கிலோ கிரைண்டரை மாட்டினால் கால்வாய்க் கரைச் சரிவில் பின்சக்கரம் தூக்கும். கையை வீசும் வகைக்கு மின்சார பிளக் இணைப்பும் வேண்டும். அதன் முனைகளின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. பொருந்தாவிட்டால் கேபினுக்குள் தனி சுவிட்ச் பெட்டி வைத்துத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளலாம்.

முன்கதவு இல்லாத திறந்த கேபினில் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பாலிகார்பனேட் முன்கதவின் விலையையும் கிரைண்டரின் விலையோடு சேர்த்தே போட்டு வைத்திருக்கிறேன். ஆயிலை நிறுத்திய பிறகும் சக்கரம் தன் எடையாலேயே சிறிது நேரம் சுழலும்; அந்நேரத்தில் மோட்டார் பம்பாக மாறி வெற்றிடம் உண்டாக்காதபடி உள்ளே தனி வால்வு இருக்க வேண்டும், சக்கரம் முழுவதும் நிற்கும்வரை யாரும் கிட்டே போகாமலும் இருக்க வேண்டும். தோப்புகளில் போர்வெல் மோட்டாரின் கேபிளும் பிவிசி குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்பதைத் தோட்டக்காரரே காட்டிக் கொடுத்தால்தான் சக்கரத்தை இறக்கலாம் என்று என் ஆப்பரேட்டர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் தேர்ந்திருப்பது கை வீசும் வகை, சாதாரண ஃப்ளோவுக்கான சிறிய மோட்டார், வட்டப் பல், நடுத்தர விட்டம். பெரிய சக்கரம் உள்ளதைவிட ஒரு தூருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் மணிக்கணக்கில் அல்லாமல், தூரின் அகலமான இடத்தை நாடாவால் அளந்து அந்த அளவுக்கு வாடகை வாங்குவதாக முடிவு. பட்டறையில் அளந்த லிட்டரை விற்பனையாளருக்கு அனுப்பி, அந்த ஃப்ளோவில் சக்கரம் எத்தனை சுற்று ஓடும் என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது வந்ததும் முன்பணம் கொடுக்கலாம். கூடுதலாக ஒரு செட் பல்லும் அதே பில்லில் வர வேண்டும்.